நாற்பதைக் கடந்தபின் விமானி ஆக விரும்புவோர் எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

விமானம் ஓட்டுவது இருபது வயது இளைஞர்களுக்கு மட்டுமே உரிய தொழில் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்துள்ளது. கணினித் துறையிலும் வணிகத்திலும் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்து, பிள்ளைகளை ஓரளவு வளர்த்து ஆளாக்கிய பின்னர், "சிறு வயதில் ஆசைப்பட்டேன், இப்போது முடியுமா?" என்று கேட்கும் சகோதரர்கள் பலர் உள்ளனர். அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களிடையே இக்கேள்வி அடிக்கடி எழுவதைக் காண்கிறோம்.

முடியும் என்பதே பதில். 9 ஆம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், இறக்கைகளைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து பறந்து பார்த்தார் என்று வரலாற்றாசிரியர் அல்மக்கரீ பதிவு செய்துள்ளார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும் என்று கூறப்படுகிறது. அவர் பறந்தார், ஆனால் இறங்கும்போது அடிபட்டார். பறவை தன் வாலைக் கொண்டே தரையிறங்குகிறது என்பதைக் கவனிக்காமல், வால் இல்லாமல் பறந்ததே அதற்குக் காரணம் என்று அந்தப் பதிவு சொல்கிறது. பறப்பதற்குத் திட்டமிட்டவர் இறங்குவதற்குத் திட்டமிடவில்லை!

பிற்காலத்தில் இத்தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. எந்த உரிமத்தை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, எதை எடுக்காமலே விடுவது என்பதை, கடைசியில் எங்கே போய் இறங்கப் போகிறோம் என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகளை அடிப்படையாகக் கொண்டு அந்த வரிசையை இங்கே விளக்குகிறோம். பயிற்சியின் வரிசையை மாணவரே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அங்கேதான் அதிகம். இந்தியாவில் உள்ள நிலையையும் இறுதியில் சுருக்கமாகப் பார்ப்போம்.

லைசென்ஸ் வேறு, ரேட்டிங் வேறு

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். லைசென்ஸ் என்பது எந்த நிலையில் விமானம் ஓட்டலாம் என்பதற்கான அனுமதி. பிரைவேட் லைசென்ஸ் வைத்திருப்பவர் தனக்காகவும் தன் குடும்பத்தினருக்காகவும் ஓட்டலாம், கூலி வாங்கக்கூடாது. கமர்ஷியல் லைசென்ஸ் இருந்தால் கூலிக்கு ஓட்டலாம். ஏ.டி.பி. எனப்படும் ஏர்லைன் லைசென்ஸ்தான் மிக உயர்ந்தது. இவற்றோடு, பிறருக்குக் கற்றுக்கொடுக்க இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழ் தனியாக உண்டு.

ரேட்டிங் என்பது அந்த லைசென்ஸின் மீது சேர்க்கப்படும் கூடுதல் தகுதி. மேகத்திற்குள்ளும் மூடுபனியிலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் வேண்டும். இரண்டு எஞ்சின் கொண்ட விமானத்திற்கு மல்டி எஞ்சின் ரேட்டிங் வேண்டும். போயிங், ஏர்பஸ் போன்ற பெரிய விமானங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டைப் ரேட்டிங் வேண்டும்.

இவற்றில் சிலவற்றின் வரிசை விதியிலேயே கட்டப்பட்டது. பிரைவேட் இல்லாமல் கமர்ஷியல் கிடையாது. ஆனால் இன்ஸ்ட்ருமென்டை எப்போது எடுப்பது, மல்டி எஞ்சினை முன்னால் எடுப்பதா பின்னால் எடுப்பதா, இன்ஸ்ட்ரக்டர் ஆவதா வேண்டாமா என்பதெல்லாம் நம் கையில்தான் உள்ளது. பணமும் ஆண்டுகளும் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

வயது ஏன் கணக்கை மாற்றுகிறது?

அமெரிக்காவில் கால அட்டவணைப்படி இயங்கும் பயணிகள் விமான நிறுவனங்களிலும் பெரிய சரக்கு விமான நிறுவனங்களிலும் விமானி 65 வயது வரைதான் பணியாற்ற முடியும். முன்னர் 60 ஆக இருந்த இந்த வரம்பு 2007 டிசம்பரில் சட்டத்தின் மூலம் உயர்த்தப்பட்டது. பயிற்றுவிப்பதற்கு இவ்வரம்பு இல்லை. சிறிய சார்ட்டர் நிறுவனங்களில் ஓட்டுவதற்கும் பொதுவாக இவ்வரம்பு கிடையாது.

அடுத்து 1500 மணி நேர விதி. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 ஆம் எண் விமானம் விழுந்து நொறுங்கியது. அதன் விளைவாக 2010 இல் இயற்றப்பட்ட சட்டம் 2013 இல் நடைமுறைக்கு வந்தது. ஏர்லைன்ஸில் துணை விமானியாகச் சேர்வதற்கே ஏ.டி.பி. உரிமம் கட்டாயமாயிற்று. அதற்குப் பொதுவாக 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ராணுவ விமானிகளுக்கு 750, விமானவியலில் பட்டம் பெற்றவர்களுக்கு 1000 அல்லது 1250 மணி நேரம் என்று சலுகை உண்டு. வேறு துறையில் பட்டம் பெற்றுவிட்டு நாற்பதில் வருபவருக்கு இச்சலுகை பெரும்பாலும் பொருந்தாது.

மூன்றாவதாக, ஏர்லைன்ஸில் எல்லாமே சீனியாரிட்டி. எந்த ஊரில் பணி, எந்த விமானம், எந்த நாள் விடுமுறை, எப்போது கேப்டன் என்பதெல்லாம் சேர்ந்த தேதியைப் பொறுத்தது. ஈத் பெருநாளன்று விடுமுறை கிடைக்குமா என்பதும் அதைப் பொறுத்ததே! ஐம்பதில் சேர்பவரின் வயதுக்கோ முன் அனுபவத்திற்கோ அங்கே தனி மதிப்பில்லை. இருபத்தைந்து வயது இளைஞருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

எனவே இளைஞரின் வரிசையை அப்படியே நகல் எடுப்பது பிற்காலத்தில் வருபவருக்குப் பொருந்தாது. "எந்த உரிமம் பெரியது?" என்று இவர் கேட்கத் தேவையில்லை. "எந்த உரிமம் என் உடல்நிலை தாங்கும் காலத்திற்குள், கடனில்லாமல், சீக்கிரம் சம்பாதிக்க வைக்கும்?" என்பதே இவர் கேட்க வேண்டிய கேள்வி.

முதல் படி: மருத்துவச் சான்று

ஒரு மணி நேரப் பயிற்சிக்குக் கூடப் பணம் கட்டுவதற்கு முன் இதை முடிக்க வேண்டும். நாற்பதைக் கடந்தவர்கள் இப்படியை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்றில் மூன்று வகுப்புகள் உள்ளன. ஏர்லைன் கேப்டனுக்கு முதல் வகுப்பு. கூலிக்கு ஓட்டும் கமர்ஷியல் விமானிக்கு இரண்டாம் வகுப்பு. மாணவருக்கும் பிரைவேட் விமானிக்கும் மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்புக்கு 35 வயதில் ஒரு இ.சி.ஜி.யும், 40 க்குப் பிறகு ஆண்டுதோறும் ஒரு இ.சி.ஜி.யும் எடுக்க வேண்டும். 40 வயதைக் கடந்தவரின் முதல் வகுப்புச் சான்று ஆறு மாதம் மட்டுமே முதல் வகுப்பாகச் செல்லும்.

நம்மவர்களிடம் பரவலாக உள்ள சர்க்கரை நோய் இங்கே முக்கியமான விஷயம். சர்க்கரையைக் குறைக்க மருந்து உட்கொள்பவர்கள் சாதாரண முறையில் சான்று பெற முடியாது. சிறப்பு அனுமதி வழியாகத்தான் பெற வேண்டும். அதற்கு மருத்துவ அறிக்கைகளும் காத்திருப்பும் தேவைப்படும். மாரடைப்பு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, வலிப்பு, சில மனநலப் பாதிப்புகள் போன்றவையும் இவ்வாறே. கட்டுப்பாட்டில் உள்ள இரத்த அழுத்தத்திற்கு இவ்வளவு சிக்கல் இல்லை.

இங்கே ஒரு பொறி உள்ளது. பலரும் அறியாதது. அமெரிக்காவில் "பேசிக்மெட்" என்ற எளிய மருத்துவ முறை ஒன்று இருக்கிறது. 2006 ஜூலை 14 க்குப் பிறகு ஒரு முறையேனும் எஃப்.ஏ.ஏ. மருத்துவச் சான்று பெற்றிருந்தால், அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை சாதாரண மருத்துவரிடமே பரிசோதித்துக் கொண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இணையவழிப் பாடம் முடித்து, சிறு விமானங்களை ஓட்டலாம். அதைக் கொண்டு பயிற்றுவித்துச் சம்பளமும் வாங்கலாம். ஆனால் கடைசியாகச் செய்த மருத்துவ விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் இந்தக் கதவும் மூடிவிடும். அதாவது, தேவையில்லாமல் முதல் வகுப்புக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர், மூன்றாம் வகுப்பு பெற்றுப் பேசிக்மெட்டுக்கு மாறியிருக்கக்கூடிய வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறார்.

ஆகவே, உடலில் ஏதேனும் குறை இருப்பவர்கள் இணையத்தில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அதன் உறுதி எண்ணை மருத்துவரிடம் கொடுத்துவிடும் முன், எஃப்.ஏ.ஏ. அங்கீகாரம் பெற்ற மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனைக்காக மட்டும் சென்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். படிவத்தில் பொய் எழுதுவது மார்க்கப்படியும் குற்றம், அமெரிக்கச் சட்டப்படியும் குற்றம். உடலில் குறை ஏதும் இல்லாதவரும், ஏர்லைன்ஸை நோக்கிச் செல்பவரும் தொடக்கத்திலேயே முதல் வகுப்பைப் பெற்றுப் பார்ப்பது நல்லது. தடை இருந்தால் முதல் நாளே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பிரைவேட்

விதிப்படி குறைந்தபட்சம் 40 மணி நேரம். அதில் 20 மணி நேரம் பயிற்சியாளருடன், 10 மணி நேரம் தனியாக. நடைமுறையில் பெரும்பாலோருக்கு 60 மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு இன்னும் கூடலாம். வாரத்திற்கு ஒரு முறை பறப்பவர் சென்ற வாரம் கற்றதை மறந்துவிட்டு மீண்டும் அதற்கே பணம் கட்டுகிறார். வாரத்திற்கு மூன்று முறை பறக்கப் பணமும் நேரமும் சேரும் வரை காத்திருந்து தொடங்குவதே இறுதியில் சிக்கனம்.

மூன்றாம் படி: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்

பிரைவேட் முடித்தவுடன் இதையே எடுக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்குப் பொருந்தும் ஆலோசனை. காரணங்கள் மூன்று.

ஒன்று, உயிர்ப் பாதுகாப்பு. வெளியே பார்த்து ஓட்ட மட்டுமே தெரிந்த விமானி மேகத்திற்குள் நுழைந்து திசை தடுமாறுவது சிறு விமான விபத்துகளில் மிகக் கொடிய வகை. குடும்பப் பொறுப்புள்ளவர் இப்பயிற்சியைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

இரண்டு, மணிக் கணக்கு. இந்த ரேட்டிங்கிற்கு 50 மணி நேரம் தலைமை விமானியாக வெளியூர்ப் பயணம் செய்திருக்க வேண்டும். 40 மணி நேரம் கருவிகளைக் கொண்டு பறந்திருக்க வேண்டும். இவை அனைத்தும் அடுத்து வரும் கமர்ஷியலுக்குத் தேவையான 250 மணி நேரத்தில் சேர்ந்துகொள்ளும். எப்படியும் சேர்த்தாக வேண்டிய மணி நேரத்தை, சும்மா சுற்றுவதில் செலவழிக்காமல் ஒரு தகுதியாக மாற்றிக் கொள்கிறோம்.

மூன்று, இது இல்லாத கமர்ஷியல் லைசென்ஸ் கை கட்டப்பட்டது போன்றது. பயணிகளைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு 50 கடல் மைலுக்கு அப்பால் செல்ல முடியாது. இரவில் ஏற்றவும் முடியாது. விமான இன்ஸ்ட்ரக்டர் ஆகவும் இந்த ரேட்டிங் கட்டாயம்.

நான்காம் படி: கமர்ஷியல், ஒற்றை எஞ்சினில்

மொத்தம் 250 மணி நேரம். அதில் 100 மணி நேரம் தலைமை விமானியாக. எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த பாடத்திட்டம் உள்ள பள்ளிகளில் 190 மணி நேரத்திலும் முடிக்கலாம். ஏர்லைன்ஸுக்கு எப்படியும் 1500 தேவை என்பதால் இந்த 60 மணி நேர வேறுபாட்டிற்காக மட்டும் அதிகக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. சீக்கிரம் இன்ஸ்ட்ரக்டராகிச் சம்பாதிக்க விரும்புபவருக்கு மட்டும் அது பயன்படலாம்.

முதல் கமர்ஷியலை இரட்டை எஞ்சினில் எடுத்துவிட்டால் வேலை விரைவில் முடியும் என்று சில பள்ளிகள் சொல்லும். இரட்டை எஞ்சின் விமானத்தின் வாடகை ஏறக்குறைய இரு மடங்கு. முதல் கமர்ஷியலையே அதில் எடுப்பவர் தனியாகவோ தலைமை விமானியின் பொறுப்பிலோ 10 மணி நேரம் அதிலேயே பறக்க வேண்டும். ஒற்றை எஞ்சினில் கமர்ஷியல் பெற்றுவிட்டுப் பின்னர் இரட்டை எஞ்சினைச் சேர்ப்பவருக்கோ குறைந்தபட்ச மணிக் கணக்கே இல்லை. எழுத்துத் தேர்வும் இல்லை. பயிற்சியாளர் தயார் என்று கையெழுத்திட்டதும் செய்முறைத் தேர்வு எழுதலாம். தன் சேமிப்பில் படிப்பவருக்கு ஒற்றை எஞ்சினே முதலில் பொருத்தம்.

ஐந்தாம் படி: இன்ஸ்ட்ரக்டர்

250 மணி நேரத்தில் நிற்கும் விமானிக்கு வேலை கொடுப்பவர்கள் மிகக் குறைவு. கட்டணம் செலுத்தி மணி நேரம் சேர்த்த காலம் முடிந்து, கட்டணம் வாங்கி மணி நேரம் சேர்க்கும் காலம் இன்ஸ்ட்ரக்டர் ஆனதும்தான் தொடங்குகிறது. பிற்காலத்தில் வருபவருக்கு மொத்தப் பயணத்தின் திருப்புமுனை இது. மல்டி எஞ்சினுக்கு முன்பாகவே இதை எடுங்கள் என்று நாம் சொல்வதற்குக் காரணமும் அதுவே.

சி.எஃப்.ஐ. எனப்படும் அடிப்படை இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழை முதலில் பெற்று, அதன் பின் சி.எஃப்.ஐ.ஐ. எனப்படும் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஸ்ட்ரக்டர் தகுதியைச் சேர்ப்பது வழக்கம். இரண்டும் இருப்பவருக்கு மாணவர்கள் அதிகம் கிடைப்பார்கள். மாணவனாக இன்ஸ்ட்ருமென்ட் எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே, இன்ஸ்ட்ரக்டருக்கான எழுத்துத் தேர்வையும் அடுத்தடுத்து எழுதிவிடலாம். பாடம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் எழுத்துத் தேர்வு முடிவு 24 மாதம் வரைதான் செல்லும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆசிரியப் பணியிலோ நிறுவனப் பயிற்சித் துறையிலோ இருந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தரைப் பாட இன்ஸ்ட்ரக்டர் என்று ஒரு சான்றிதழ் இருக்கிறது. எழுத்துத் தேர்வுகள் மட்டுமே. பறக்கும் தேர்வு இல்லை, மருத்துவச் சான்றும் தேவையில்லை. அதைப் பெற்றவர் வகுப்பறையில் பாடம் நடத்திச் சம்பாதிக்கலாம். பின்னர் சி.எஃப்.ஐ. எடுக்கும்போது கற்பித்தல் முறை பற்றிய எழுத்துத் தேர்வை மீண்டும் எழுத வேண்டியதில்லை. பள்ளிவாசல் வளாகத்தில் நம் பிள்ளைகளுக்கு விமானவியல் அறிமுக வகுப்பு நடத்தவும் இச்சான்றிதழ் உதவும்.

இன்ஸ்ட்ரக்டர் பணியை ஏணிப்படியாக மட்டும் பார்க்க வேண்டாம். இளைஞர்கள் அதில் ஏறி மிதித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஐம்பது வயதில் பொறுமையும் பேச்சுத் தெளிவும் உள்ளவர் அதையே நிறைவான தொழிலாகச் செய்யலாம். 65 வயது வரம்பும் அங்கே இல்லை.

ஆறாம் படி: மல்டி எஞ்சின், தேவை வரும்போது

ரேட்டிங் எடுத்துவிட்டு ஓராண்டு இரட்டை எஞ்சினைத் தொடாமல் இருந்தால், ஒரு எஞ்சின் நின்றுபோகும்போது செய்ய வேண்டியவை கைகளுக்கு மறந்துவிடும். மீண்டும் பணம் கட்டிப் பழக வேண்டும். ஆகவே வேலைக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கும்போது எடுப்பதே நல்லது. ஏ.டி.பி.க்கு இரட்டை எஞ்சினில் 50 மணி நேரம் தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வேலை செய்யும் பள்ளியில் இரட்டை எஞ்சின் விமானமும் அதற்கு மாணவர்களும் இருந்தால், அதற்கான இன்ஸ்ட்ரக்டர் தகுதியைப் பெறுவது லாபம். அதற்கு அவ்வகை விமானத்தில் 15 மணி நேரம் தலைமை விமானியாகப் பறந்திருக்க வேண்டும்.

டைப் ரேட்டிங்கைச் சொந்தப் பணத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டாம். அமெரிக்காவில் ஏர்லைன்ஸ் நிறுவனங்கள் வேலைக்குச் சேர்த்த பின் தாமே அப்பயிற்சியை அளிக்கின்றன.

வயதுக்கேற்ற மூன்று வழிகள்

வாரத்திற்கு மூன்று முறை பறப்பவர் இரண்டு ஆண்டுகளில் இன்ஸ்ட்ரக்டர் ஆகலாம் என்றும், அதன்பின் முழுநேரமாக ஆண்டுக்கு 600 மணி நேரம் பயிற்றுவிக்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். 250 லிருந்து 1500 ஐத் தொட மேலும் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

40 வயதில் தொடங்குபவர் 44, 45 இல் ஏர்லைன்ஸ் வாசலில் நிற்பார். இருபது ஆண்டுகள் மிச்சம். அவர் மேலே சொன்ன வரிசையை முழுமையாகப் பின்பற்றலாம். மல்டி எஞ்சினை 1000 மணி நேரத்தைத் தாண்டியதும் எடுக்கலாம்.

50 வயதில் தொடங்குபவருக்கு ஏர்லைன்ஸில் பத்தாண்டுகள் கிடைக்கும். போகலாம், ஆனால் வேலைவாய்ப்பு மந்தமாகும் காலத்தில் மாட்டிக்கொண்டால் அதில் ஓரிரு ஆண்டுகள் கரைந்துவிடும். அவருக்கு சார்ட்டர் பணி இன்னொரு வழி. நல்ல வானிலையில் மட்டும் பறக்கும் சார்ட்டருக்கு 500 மணி நேரமும், கருவிகளைக் கொண்டு பறக்கும் சார்ட்டருக்கு 1200 மணி நேரமும் தலைமை விமானிக்குத் தேவை. 1500 க்கு முன்பே வருமானம் வரும். சி.எஃப்.ஐ.ஐ. வரை எடுத்து, 1200 ஐ இலக்காகக் கொண்டு, ஏர்லைன்ஸைக் கூடுதல் வாய்ப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

58 வயதில் தொடங்குபவர் மல்டி எஞ்சினையும் ஏ.டி.பி.யையும் மறந்துவிடலாம். பிரைவேட், இன்ஸ்ட்ருமென்ட், கமர்ஷியல், சி.எஃப்.ஐ., சி.எஃப்.ஐ.ஐ. என்று நிறுத்திக்கொண்டு, மூன்றாம் வகுப்பு அல்லது பேசிக்மெட் மருத்துவத்தோடு பயிற்றுவிப்பதே அவருக்குரிய தொழில். அவருடைய கமர்ஷியல் லைசென்ஸ், கற்பிப்பதற்கான அடித்தளமாகவே பயன்படும்.

பணமும் வட்டியும்

விமானப் பள்ளிகள் பலவும் சேர்க்கையின்போதே கடன் படிவத்தை நீட்டுகின்றன. அவை பெரும்பாலும் வட்டிக் கடன்களே. வட்டியின் தடையை நாம் எல்லோரும் அறிவோம். இளைஞர் முப்பது ஆண்டுகளில் அடைக்கும் கடனை ஐம்பது வயதுக்காரர் பத்தாண்டுகளில் அடைக்க வேண்டும் என்பதையும் இத்துடன் யோசிக்க வேண்டும். இடையில் மருத்துவச் சான்று போய்விட்டால் தொழில் போய்விடும்; கடன் போகாது.

நாம் மேலே சொன்ன வரிசைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ஒவ்வொரு படியும் தனித்தனியாக முடிகிறது. ஒரு படிக்குச் சேமித்து, அதை முடித்து, நின்று, அடுத்ததற்குச் சேமிக்கலாம். தனிப்பட்ட பயிற்சியாளரிடம் அந்தந்த நாளுக்குப் பணம் கட்டிப் படிப்பதை விதி அனுமதிக்கிறது. முழுக் கட்டணத்தையும் முன்பணமாகக் கேட்கும் பள்ளியிடம் எச்சரிக்கை தேவை. 2008 பிப்ரவரியில் லாஸ் வேகஸைச் சேர்ந்த சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம் திடீரென மூடப்பட்டபோது, கடன் வாங்கி முன்பணம் கட்டியிருந்த ஏராளமான மாணவர்கள் படிப்பும் இன்றி, கடன் சுமையோடு நடுத்தெருவில் நின்றார்கள்.

குடும்பத்தின் ஓராண்டுச் செலவையும், மகளின் திருமணத்திற்கோ மகனின் படிப்பிற்கோ ஒதுக்கிய தொகையையும் தொடாமல் முடியுமா என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். இன்ஸ்ட்ரக்டராக இருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளின் வருமானம், விட்டுவந்த வேலையின் சம்பளத்தைவிடக் குறைவாகவே இருக்கும். பழைய வேலையை விடாமல் வார இறுதிகளில் பயிற்றுவிக்கத் தொடங்குவது பலருக்கு உகந்தது.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்க

அமெரிக்கக் குடிமக்கள் அல்லாதவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்களும் உட்பட, டி.எஸ்.ஏ. எனும் பாதுகாப்புத் துறையின் முன் அனுமதி இன்றிப் பயிற்சி தொடங்கக் கூடாது. முதல் லைசென்ஸ், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், மல்டி எஞ்சின் ரேட்டிங் ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். கைரேகை, ஆவணங்கள் எல்லாம் முறைப்படி இருக்க வேண்டும். ஒரு முஸ்லிம் பெயர் கொண்டவர் இதில் அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அச்சப்படவும் தேவையில்லை, ஆவணம் சரியாக இருப்பதே போதுமானது.

எச்1பி விசாவில் இருப்பவர் பயிற்சி பெறலாம். ஆனால் சம்பளத்திற்குப் பயிற்றுவிக்க முடியாது. அந்த விசா, அதைப் பெற்றுத்தந்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டுமே உரியது. அவருக்கு ஐந்தாம் படியில் வருமானம் தொடங்காது. கிரீன் கார்டு கைக்கு வரும் வரை பிரைவேட், இன்ஸ்ட்ருமென்ட் என்ற இரண்டோடு நிதானமாக நின்றுகொள்வதே அவருக்கு நல்லது.

இந்தியாவில் எப்படி?

இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. விதிப்படி கமர்ஷியலுக்கு 200 மணி நேரம். 12 ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது இருந்துவரும் நிபந்தனை. படிக்காதவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதி வருகின்றனர். மருத்துவத்தில் இரண்டாம் வகுப்பும், அதன்பின் முதல் வகுப்பும் பெற வேண்டும். விமானப் போக்குவரத்து விதிகள், வானிலை, வழிசெலுத்தல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. மல்டி எஞ்சினும் இன்ஸ்ட்ருமென்டும் சேர்த்தே முடித்து, 200 மணி நேரத்திலேயே ஏர்லைன்ஸுக்கு விண்ணப்பிப்பது அங்கே வழக்கம். 1500 மணி நேர விதி இல்லாததால் நேரம் மிச்சம்தான். ஆனால் வயதில் மூத்தவர், விண்ணப்பதாரர்கள் நிறைந்த வரிசையில் இளைஞர்களோடு போட்டியிட வேண்டும். நிறுவனங்கள் நடத்தும் கேடட் திட்டங்கள் பலவற்றில் வயது வரம்பும் உண்டு; அதைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. வேலை உறுதியாகும் முன் டைப் ரேட்டிங்கிற்குப் பெருந்தொகை செலவிடுவதே அங்கே அதிகம் பேரைக் கவிழ்க்கும் படி. அமெரிக்க லைசென்ஸை இந்திய லைசென்ஸாக மாற்ற டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுகளையும் மருத்துவத்தையும் மீண்டும் கடந்தாக வேண்டும்.

நோன்பும் பறத்தலும்

ரமளானில் பயிற்சி பெறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறப்பதற்கு முன் ஒவ்வொரு விமானியும் நோய், மருந்து, மன அழுத்தம், களைப்பு, உணவு ஆகியவற்றில் தன் நிலையைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எஃப்.ஏ.ஏ. கற்பிக்கிறது. நீர்ச்சத்துக் குறைவும் சர்க்கரை தாழ்வதும் உயரத்தில் கூடுதலாகப் பாதிக்கும். ஸஹரை அடுத்த காலை நேரத்தில் பாடங்களை வைத்துக்கொள்வதும், மாலையில் தனியே பறப்பதைத் தவிர்ப்பதும், தேர்வை ரமளானுக்கு முன்போ பின்போ வைப்பதும் நல்லது. பயணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைகள் தமக்கு எப்போது பொருந்தும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.

நிறைவாக

மருத்துவம், பிரைவேட், இன்ஸ்ட்ருமென்ட், ஒற்றை எஞ்சின் கமர்ஷியல், சி.எஃப்.ஐ., சி.எஃப்.ஐ.ஐ., தேவையானால் மல்டி எஞ்சின், வயது இடம் கொடுத்தால் ஏ.டி.பி. இதுவே பிற்காலத்தில் வருபவருக்கு நாம் பரிந்துரைக்கும் வரிசை. எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு பயன் இருக்கும். எந்தப் படியிலும் வட்டிக் கடன் கழுத்தை நெரிக்காது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுங்கு. அனுபவமுள்ளவர்களோடு மஷூரா செய்து, இஸ்திகாரா தொழுது, கணக்கையும் வயதையும் நேர்மையாகப் பார்த்து முடிவெடுப்போருக்கு இன்ஷா அல்லாஹ் வானம் இன்னும் திறந்தே இருக்கிறது. ஹலாலான முயற்சிகள் அனைத்தையும் வல்ல அல்லாஹ் எளிதாக்கி, பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்கி அருள்வானாக!